ஓர் ஓலைப்பெட்டி ஆன்லைனில் விற்ற கதை: புதிதாகக் கடை போடுபவர்களுக்கான சொற்கள்

தூத்துக்குடிப் பக்கத்தில் இருக்கும் என் மதினி பனை ஓலைப்பெட்டிகளை ஆன்லைனில் விற்க ஆரம்பித்த இரண்டாம் மாதம் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர்ல ஆர்.டி.ஓ. மூணுன்னு வந்திருக்கு. நான் லைசென்ஸுக்கு ஒண்ணும் எழுதிப் போடலையே?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நம் ஊரில் ஆர்.டி.ஓ. என்றால் எட்டு போட்டுக் காட்டும் இடம்தான். ஆனால் கூரியர்காரர்கள் பேச்சில் அது 'ரிட்டர்ன் டு ஆரிஜின்'. போன பார்சல் வாடிக்கையாளர் கைக்குப் போகாமல், கிளம்பிய இடத்துக்கே திரும்பி வருகிறது என்று அர்த்தம். அந்த மூன்று பார்சலும் சேர்ந்து எவ்வளவு தின்றது என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது எனக்கு ஒன்று தெரிந்தது. இந்த வியாபாரத்தில் வாயில் நுழையாத பெயர்களில் பாதிக்கு மேல், பணம் எங்கே நிற்கிறது, எங்கே ஒழுகுகிறது என்பதற்கு வைத்த பெயர்கள்தான். அகராதி மாதிரி வரிசையாகப் படித்தால் மண்டையில் ஏறாது. ஒரு பெட்டி கடையில் ஏறுவதிலிருந்து ஆர்டராகிப் போய்ச் சேரும் வரை அதன் பின்னாலேயே நடந்து போனால் தானாக வரும். அப்படியே போவோம்.

கடையை எங்கே போடுவது

முதலில் தெரிய வேண்டிய வேறுபாடு: மார்க்கெட்பிளேஸ் வேறு, சொந்த வெப்சைட் வேறு. அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ எல்லாம் மார்க்கெட்பிளேஸ். வாரச் சந்தை மாதிரி. கூட்டம் ஏற்கெனவே இருக்கும், நீங்கள் சரக்கை விரித்தால் போதும். ஆனால் சந்தைக்காரர் கமிஷன், அனுப்பும் செலவு என்று எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். வாங்குபவரும் அவருடைய வாடிக்கையாளர்தானே தவிர உங்களுடையவர் இல்லை. எந்தப் பொருளுக்கு எவ்வளவு கழிவு என்பதை 'ரேட் கார்டு' என்ற பட்டியலில் போட்டிருப்பார்கள். பொருளை ஏற்றும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

சொந்த வெப்சைட் என்றால் மூன்று சொற்கள். டொமைன் என்பது கடையின் பெயரும் விலாசமும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், மறந்தால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம். ஹோஸ்டிங் என்பது கடை நிற்கும் இடத்துக்கான வாடகை. மூன்றாவது எஸ்.எஸ்.எல். வாங்குபவர் தட்டும் விவரங்களை நடுவில் யாரும் படிக்காமல் பூட்டி அனுப்பும் ஏற்பாடு அது. இது இல்லாவிட்டால் பிரவுசரே 'பாதுகாப்பில்லை' என்று வருகிறவரிடம் சொல்லிவிடும். ஷாப்பிஃபை, நம் ஜோஹோ காமர்ஸ் போன்றவற்றில் மாதச் சந்தா கட்டினால் ஹோஸ்டிங்கும் எஸ்.எஸ்.எல்.லும் அதிலேயே அடங்கிவிடும். வேர்ட்பிரஸ் மேல் ஏற்றும் வூகாமர்ஸ் இலவசம்தான், ஆனால் ஹோஸ்டிங்கும் பராமரிப்பும் உங்கள் தலையில்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வெப்சைட் செய்து தருகிறவர் எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் போன் எண்ணில் பதிவாகியிருக்க வேண்டும். கடைப் பத்திரத்தை யாராவது கொத்தனார் பெயரில் எழுதுவார்களா?

பொருளை எழுதி வைப்பது

விற்கும் பொருட்கள் மொத்தமும் சேர்ந்தது கேட்டலாக். அதில் ஒரு பொருளுக்கான பக்கம் லிஸ்டிங். ஒரே பெட்டி சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவிலும் இரண்டு நிறத்திலும் இருந்தால் அந்த ஆறு வகையும் வேரியன்ட். ஒவ்வொரு வேரியன்டுக்கும் நீங்களே வைக்கும் அடையாளக் குறிதான் எஸ்.கே.யூ.

இதைப் பலர் அலட்சியமாக 1, 2, 3 என்று போட்டுவிடுகிறார்கள். 40 பொருள் சேர்ந்த பிறகு 17 எது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெட்டிக்கு ஓர் எழுத்து, அளவுக்கு ஓர் எண், நிறத்துக்கு ஓர் எழுத்து என்று வையுங்கள். 'பி-2-சி' என்று பார்த்ததுமே நடுத்தர அளவு, சிவப்புக்கரைப் பெட்டி என்று பேக் செய்கிறவருக்குப் புரிய வேண்டும். அதே குறியை அலமாரியிலும் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்வென்டரி என்பது வேறொன்றும் இல்லை, இருப்பு. சந்தையிலும் சொந்தக் கடையிலும் ஒரே பெட்டியைக் காட்டியிருந்து, கடைசி ஒன்றை இரண்டு பேர் வாங்கிவிட்டால் அது ஓவர்செல்லிங். ஒருவருக்கு இல்லையென்று சொல்ல வேண்டியிருக்கும். சந்தையில் இப்படி ரத்து செய்தால் உங்கள் மதிப்பெண் இறங்கும். கையால் முடையும் பொருளுக்கு இது அடிக்கடி நடக்கும். அதனால் கையில் பத்து இருந்தால் எட்டு என்று காட்டுவது எங்கள் பழக்கம்.

லிஸ்டிங்கில் அளவைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள், அப்புறம் படத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேங்காயை வையுங்கள். மதினியின் யோசனை இது. "படத்துல பெருசாத் தெரிஞ்சுது" என்ற புகார் அன்றோடு குறைந்தது.

விலை

ஆன்லைன்காரர்கள் சி.ஓ.ஜி.எஸ். என்று ஏதோ சொல்வார்கள். கிட்டத்தட்ட அதற்கு நம் கடைவீதியில் நல்ல சொல் இருக்கிறது: அடக்க விலை. சரக்கு விற்கத் தயாராக நிற்கும் வரை அதன் மேல் ஏறிய செலவு அத்தனையும். எங்கள் நடுத்தரப் பெட்டிக்கு முடைபவர் கூலி 180 ரூபாய், ஆட்டோவில் கொண்டுவந்ததில் அதன் பங்கு 15, அட்டைப்பெட்டியும் டேப்பும் 40, பெயர்ச்சீட்டு 5. ஆக 240. கூலியை மட்டும் பார்த்து விலை வைத்தால் அட்டைப்பெட்டி உங்கள் லாபத்தைக் கொண்டுபோய்விடும்.

240 ரூபாய்ப் பெட்டியை 360-க்கு விற்றால் எவ்வளவு லாபம்? 120. எத்தனை சதவீதம்? இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள். அடக்க விலையோடு ஒப்பிட்டால் 50 சதவீதம், இது மார்க்-அப். விற்ற விலையோடு ஒப்பிட்டால் 33 சதவீதம், இது மார்ஜின். கமிஷன், தள்ளுபடி, கார்டு கட்டணம் எல்லாம் விற்கும் விலையின் மேல்தான் கணக்கிடப்படும். ஆகவே மனதில் நிற்க வேண்டிய எண் 33. பாதி லாபம் இருக்கிறதே என்று 40 சதவீதத் தள்ளுபடி போட்டால் 216-க்கு விற்று, பெட்டிக்கு 24 ரூபாய் கையிலிருந்து கொடுப்பீர்கள்.

எம்.ஆர்.பி. எல்லா வரியும் சேர்ந்த உச்ச விலை. அதற்குக் கீழே எவ்வளவுக்கும் விற்கலாம், மேலே கூடாது. பேக் செய்த பொருள் என்றால் தயாரித்தவர் பெயர், விலாசம், அளவு, தயாரித்த நாடு போன்ற விவரங்களும் காட்டியாக வேண்டும். உணவுப் பொருளாக இருந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க எண் இல்லாமல் தொடங்கவே வேண்டாம். கருப்பட்டியையும் சேர்த்து விற்கலாம் என்று மதினி ஆசைப்பட்டபோது முதலில் அதற்குத்தான் விண்ணப்பித்தோம்.

வரிச் சொற்கள், சுருக்கமாக

ஜி.எஸ்.டி. பதிவு எண் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் உங்கள் பான் எண். எச்.எஸ்.என். என்பது பொருளின் இனத்தைச் சொல்லும் உலகப் பொதுக் குறி. முடைந்த பெட்டி, கூடை வகைகள் 4602-ல் வரும். வரி விகிதம் இந்த எண்ணை வைத்தே முடிவாகிறது.

பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம் என்பது தமிழ்நாட்டில் பொது விதி. ஆனால் அதை நம்பி ஆன்லைனில் இறங்க முடியாது. வரி உள்ள சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் இதில் சலுகை உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எச்.எஸ்.என். எண்ணைக் காட்டி ஆடிட்டரிடம் கேளுங்கள். மார்க்கெட்பிளேஸில் விற்க முன்பு எல்லோருக்கும் பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு விற்பனையாளர்கள் பதிவில்லாமல் ஒரு சேர்க்கை எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம்.

சந்தைக்காரர் பணம் அனுப்பும்போது டி.சி.எஸ். என்று ஒரு சிறு பிடித்தம் தெரியும். ஜி.எஸ்.டி. கணக்கில் வரும் இது 2024 ஜூலையில் 1 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைந்தது. வருமான வரிக் கணக்கில் டி.டி.எஸ். தனி. அது அதே ஆண்டு அக்டோபரில் 1-லிருந்து 0.1 ஆனது. இரண்டுமே போய்விட்ட பணம் இல்லை, உங்கள் பெயரில் கட்டப்பட்ட பணம். கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்காவிட்டால் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

ஆர்டரும் பணமும்

வருகிறவர் பொருளைப் போட்டு வைப்பது கார்ட். விலாசம் எழுதிப் பணம் கட்டும் பக்கம் செக்-அவுட். கார்ட்டில் போட்டுவிட்டு வாங்காமல் போனால் அபாண்டன்ட் கார்ட். ஜவுளிக்கடையில் பத்துப் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு "நாளைக்கு வர்றோம்" என்று எழுந்து போவது மாதிரிதான், கோபப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் டெலிவரிக் கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டும்போது எழுந்து போகிறார்கள். அதை லிஸ்டிங்கிலேயே எழுதிவிடுங்கள். 200 பேர் வந்து 3 பேர் வாங்கினால் கன்வர்ஷன் ரேட் 1.5 சதவீதம்.

பணத்தை வாடிக்கையாளரிடம் வாங்கி உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ப்பது பேமென்ட் கேட்வே. ரேசர்பே, கேஷ்ஃப்ரீ, சிசிஅவென்யூ போல பல இருக்கின்றன. கார்டில் கட்டினால் 2 சதவீதம் அளவில் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொண்டால் 1000 ரூபாய்க்கு 23 ரூபாய் 60 காசு போகும், 976 ரூபாய் 40 காசு வரும். இந்தக் கட்டணத்தின் அடிப்படைப் பெயர் எம்.டி.ஆர். யூ.பி.ஐ.க்கு 2020 ஜனவரி முதல் எம்.டி.ஆர். கிடையாது. ஆனாலும் சில கேட்வேகள் தங்கள் சேவைக்கென்று தனியாக வாங்கலாம், ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

கட்டிய பணம் உடனே உங்களுக்கு வராது. வந்து சேர்வதற்குப் பெயர் செட்டில்மென்ட். 'டி பிளஸ் 2' என்று போட்டிருந்தால் பணம் கட்டிய நாளுக்குப் பின் இரண்டு வேலை நாள். சனி, ஞாயிறு கணக்கில் வராத இடத்தில் வெள்ளிக்கிழமை ஆர்டரின் பணம் செவ்வாய்க்கிழமை வரும். முடைபவர்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கிறவர்கள் இந்த இடைவெளிக்கு என்று கையில் ஒரு தொகை வைத்திருக்க வேண்டும்.

ரீஃபண்ட் என்பது நீங்கள் திருப்பிக் கொடுப்பது. சார்ஜ்பேக் என்பது வாடிக்கையாளர் தன் வங்கியிடம் முறையிட்டு, வங்கி உங்களிடமிருந்து பிடுங்குவது. பொருள் போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரம் இருந்தால் எதிர்வாதம் செய்யலாம். அதனால் டெலிவரி ரசீதுகளை அழிக்காதீர்கள்.

விளம்பரம் போடுபவர்களுக்கு ஒரு சொல் போதும்: ரோஆஸ். ஒரு ரூபாய் விளம்பரச் செலவுக்கு எத்தனை ரூபாய் விற்பனை என்பது. ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் போட்டு மூவாயிரம் ரூபாய்க்கு விற்றால் ரோஆஸ் 3. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் மார்ஜின் 33 சதவீதம் என்பதால் அந்த மூவாயிரத்தில் லாபம் ஆயிரம். அந்த ஆயிரமும் விளம்பரத்துக்குப் போய்விட்டது. 3 என்பது எங்களுக்கு வெறுங்கை.

பார்சல்

வால்யூமெட்ரிக் வெயிட். எங்களுக்கு அதிகம் நஷ்டம் வைத்த சொல் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஓலைப்பெட்டி எடையே இல்லாதது. அட்டைப்பெட்டியோடு சேர்த்து 600 கிராம். அரைக் கிலோவுக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாகக் கணக்கிட்டு 80 ரூபாய் வரும் என்று நினைத்தோம். பில் 320 என்று வந்தது. சண்டைக்குப் போனேன். கூரியர் அலுவலகத்தில் இருந்தவர் அமைதியாக ஒரு டேப்பை எடுத்து அளந்து காட்டினார். நீளம் 28, அகலம் 28, உயரம் 25 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கினால் 19,600. அதை 5000-ஆல் வகுத்தால் 3.92. ஆக இது 4 கிலோ பார்சல். வண்டியில் அது அடைக்கும் இடத்துக்குக் காசு. உண்மை எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 5000 என்ற வகுக்கும் எண் கூரியருக்குக் கூரியர் மாறலாம், கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய எடைக்கும் அவர்கள் அளந்த எடைக்கும் வித்தியாசம் வந்து பின்னால் கழித்துக்கொள்வதற்கு வெயிட் டிஸ்க்ரெபன்சி என்று பெயர். அளவு டேப்போடு பார்சலைப் படமெடுத்து வைத்திருந்தால் தவறான பிடித்தத்தை எதிர்க்கலாம். எங்கள் விஷயத்தில் தவறு எங்களுடையது.

அப்புறம் இரண்டு வேலை செய்தோம். அட்டைப்பெட்டியை 24, 24, 20 என்று பொருளோடு ஒட்டினாற்போல் மாற்றினோம். கணக்கு எடை 2.3, அதாவது இரண்டரைக் கிலோ, 200 ரூபாய். இரண்டாவது, மதினிக்கே தோன்றியது. ஓலைப்பெட்டியை எங்கள் ஊரில் ஒன்றுக்குள் ஒன்றாகத்தானே அடுக்கி வைப்போம்? பெரியதற்குள் நடுத்தரம், அதற்குள் சிறியது. மூன்றும் சேர்ந்து ஒரு செட் 750 ரூபாய். அட்டைப்பெட்டி அதேதான், கூரியர் கட்டணமும் அதேதான். 360 ரூபாய்ப் பெட்டிக்கு 200 ரூபாய் டெலிவரி கொடுக்க யாருக்கும் மனம் வராது, 750 ரூபாய்ச் செட்டுக்குக் கொடுக்கிறார்கள். ஓர் ஆர்டரின் சராசரி மதிப்புக்கு ஏ.ஓ.வி. என்று பெயர். அதை ஏற்ற ஆயிரம் வழி சொல்வார்கள். எங்களுக்கு அது அடுக்குப் பெட்டியாக வந்தது.

மற்றவை எளிது. பல கூரியர்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டு புக் செய்ய உதவுவது அக்ரிகேட்டர், ஷிப்ராக்கெட் மாதிரி. பார்சலின் அடையாள எண் ஏ.டபிள்யூ.பி., அதாவது ஏர் வே பில். லாரியில் போகும் பார்சலுக்கும் ஆகாயத்தின் பெயர்தான். கூரியர் பையன் எடுத்துப்போவது பிக்கப். அன்று கொடுத்த பார்சல்களின் பட்டியல் மேனிஃபெஸ்ட், அதில் அவர் கையெழுத்து இல்லாமல் ஒன்றையும் ஒப்படைக்காதீர்கள்.

சி.ஓ.டி.யும் மதினியின் ஆர்.டி.ஓ.வும்

கேஷ் ஆன் டெலிவரி, பொருள் வந்ததும் பணம். தெரியாத கடையில் முன்பணம் கட்ட மக்கள் தயங்குவது நியாயம்தான், அதனால் சி.ஓ.டி. வைத்தால் ஆர்டர் கூடும். ஆனால் பணம் கட்டாதவருக்கு மறுப்பதும் எளிது. வீட்டில் ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை, "நான் ஆர்டரே போடலை". முதல் முறை கொடுக்க முடியாமல் போனதும் உங்களுக்கு வரும் தகவல் என்.டி.ஆர். அன்றைக்கே வாடிக்கையாளரை அழைத்துப் பேசினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விட்டால் ஒன்றிரண்டு முயற்சிக்குப் பின் அது ஆர்.டி.ஓ. ஆகிவிடும்.

அடுக்குப் பெட்டி செட்டின் அடக்கம் 460, விலை 750, லாபம் 290. திரும்பி வந்தால் போக 200, வர 200. மூன்று ஆர்.டி.ஓ. என்றால் 1200 ரூபாய். நான்கு நல்ல ஆர்டரில் சம்பாதித்தது முழுதாகப் போய், மேலே 40 ரூபாய் கடன். இதற்கு நாங்கள் செய்வது: சி.ஓ.டி. ஆர்டர் வந்ததும் வாட்ஸ்அப்பில் பொருளின் படத்தோடு ஒரு செய்தி, பதில் வந்த பிறகே பேக்கிங். டெலிவரிக் கட்டணம் 200-ஐ மட்டும் முன்பே வாங்கிக்கொள்வது. முழுதும் முன்பணமாகக் கட்டினால் 30 ரூபாய் குறைப்பது. சி.ஓ.டி.யில் கூரியர் வசூலித்த பணம் உங்களுக்கு வருவது ரெமிட்டன்ஸ். அது கேட்வே செட்டில்மென்டை விட மெதுவாகத்தான் வரும்.

வாடிக்கையாளர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்புவது ஆர்.டி.ஓ. இல்லை, அது ரிட்டர்ன். எத்தனை நாளுக்குள், யார் செலவில், எந்த நிலையில் என்று கடையில் முன்பே எழுதியிருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் விதி. மதினி பத்து நிமிடத்தில் பதில் போட்டுவிடுவார், அது வேறு விஷயம்.

திரும்பி வந்த பார்சலை அப்படியே மூலையில் போடாதீர்கள். பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், உள்ளே சரக்கு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள், நன்றாக இருந்தால் அன்றே இருப்பில் கூட்டுங்கள். அந்த மூன்றும் ஒன்பது நாள் கழித்து வந்து சேர்ந்தன. இரண்டு செட்டை இருப்பில் ஏற்றினோம். மூன்றாவதில் பெரிய பெட்டி நசுங்கியிருந்தது. படத்தோடு கூரியரிடம் இழப்பீடு கேட்டு எழுதிவிட்டு, மதினி அதில் வெங்காயம் போட்டு வைத்துக்கொண்டார்.